நடுவில் வந்து நிற்பவள்

சனிக்கிழமை மதியம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு இடம் பிடிப்பது சுலபமல்ல. சுவரோரமாக ஒரே ஒரு மேசை காலியாக இருந்தது. தாமரை முதலில் போய்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சுமையா, எதிரே சுபா, சுபாவுக்குப் பக்கத்தில் ரஞ்சனி. கோச் ஜெயராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, நடைவழியை மறித்தபடி மேசையின் வெளிமுனையில் போட்டுக்கொண்டார். இனி இவர்கள் நகர்ந்தால்தான் தாமரை வெளியே போக முடியும்.

நேற்று மாலை ஸ்ரீ கெம்பாங்கான் பெண்கள் அணியிடம் ஒரு புள்ளியில் தோற்றிருந்தார்கள். அதற்கு முன் ஆடிய ஆட்டங்களின் தயவில் இறுதி ஆட்டத்துக்கு எப்படியோ வந்துவிட்டார்கள். நாளை மறுபடியும் அதே அணியோடு மோத வேண்டும். நாளை சிலாங்கூர் மாநில அணிக்கு இளம் வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்க இரண்டு பேர் வருகிறார்கள். தாமரைக்கு இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது.

கூடைப்பந்தில் ஐந்து பேரில் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணியின் பாதிக்கு எடுத்துச் செல்வாள். எந்தத் திட்டம், யாருக்குப் பந்து, எப்போது என்பதெல்லாம் அவள் கையிலிருந்து தொடங்கும். பார்க்க வருகிறவர்களின் கண்கள் முதலில் விழுவதும் அவள் மேல்தான். இரண்டு வருடமாக அந்த வேலை தாமரையுடையது. நேற்றைய கடைசிப் பந்து அவள் கையிலேயே செத்துப்போனது. அதனால் நாளை அந்த வேலை அவளுக்கா, பத்தொன்பது வயது ரஞ்சனிக்கா என்று கோச் இன்றைக்குள் முடிவு செய்ய வேண்டும். மேசையில் இருந்த ஐந்து பேருக்கும் அது தெரியும். அதனாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஷாட்டுகளைப் பற்றிப் பேசினார்கள்.

"கடைசி ஷாட் த்ரீயா இருந்திருக்கணும் லா," என்றாள் சுபா, சாம்பாரைக் குழைத்தபடி. "கணக்கு போட்டுப் பாருங்க. நூறு தடவ வெளிக்கோட்டுலேர்ந்து போட்டா எனக்கு முப்பத்தஞ்சு போகும். மூணால பெருக்கு. நூத்தஞ்சு. நடு தூரத்துலேர்ந்து போட்டா நாப்பது போகும், ரெண்டால பெருக்கு, எம்பதுதான். அப்புறம் எதுக்கு நடு தூரத்துலேர்ந்து போடணும்?"

"செட்டியார் வீட்டுப் பொண்ணு, பந்துக்கே வட்டி போடுது பாருங்க," என்றாள் சுமையா. அவள் நாகப்பட்டினத்துக்காரி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அணியிலேயே உயரமானவள். ஹலால் பார்த்துச் சாப்பிடும் அவளும் சாப்பிட வேண்டும் என்றுதான் சைவக் கடைக்கு வந்திருந்தார்கள்.

"வட்டி இல்ல, உண்ம."

"உண்மதான். ஆனா நேத்து எத்தன பாயிண்ட் பின்னாடி இருந்தோம்?"

"ஒண்ணு."

"அப்ப ரெண்டு போட்டாலும் ஜெயிப்போம், மூணு போட்டாலும் ஜெயிப்போம். மூணாவது பாயிண்ட்ட வீட்டுக்கா எடுத்துட்டுப் போகப்போற? அங்க எது அதிகமா உள்ள போகுமோ அதத்தான்மா போடணும். வளையத்துக்குக் கீழேர்ந்து நான் போட்டா நூத்துக்கு அறுபது போகும்."

சுபா வாயைத் திறந்தாள். ஒரு பிடி சோற்றை வைத்து மூடிக்கொண்டாள்.

சுமையா சொன்னது சரிதான். ஓர் ஆட்டம் முழுவதும் பார்த்தால் மூன்று புள்ளி ஷாட் லாபம். ஆனால் ஒரே ஒரு பந்துதான் மிச்சம், ஒரு புள்ளிதான் குறை என்ற இடத்தில் அந்தக் கூடுதல் புள்ளிக்கு மதிப்பே இல்லை. அங்கே உள்ளே போகிற வாய்ப்பு மட்டும்தான் பேச்சு. ஒரே ஷாட் ஆட்டத்தின் நடுவில் ஒரு விலைக்கும் கடைசியில் வேறு விலைக்கும் போகிறது. தாமரைக்கு இந்த மாதிரி விஷயங்கள் பிடிக்கும். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் அவள் பார்க்கும் வேலையும் இதே ஜாதிதான். எந்தச் சரக்குப் பெட்டகத்தை எதன் மேல் அடுக்கினால், நாளை அடியில் இருப்பதை எடுக்க எத்தனை பெட்டகத்தை நகர்த்த வேண்டியிருக்கும் என்று திட்டம் போடுகிற வேலை. வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பேச்சில் அவள்தான் முதல் ஆளாகக் குதித்திருப்பாள்.

"கீழ நீ நின்னே சரி. ஒனக்கு முன்னாடி அந்த உயரமான பொண்ணு நின்னுச்சே?" என்றாள் சுபா கடைசியில்.

"அதுக்குத்தான் ஹூக். பக்கவாட்டா நின்னு ஒத்தக் கையால தலைக்கு மேல வளைச்சிப் போடுறது. அவளுக்கும் பந்துக்கும் நடுவுல என் ஒடம்பு இருக்கும். ஒடம்பத் தாண்டிக் கைய நீட்டித்தான் தடுக்கணும். எட்டாது. இல்லன்னா பக்கவாட்டுலேர்ந்து பலகைல அடிப்பேன். அந்தச் சதுரத்தோட மேல் மூலைல பட்டா வளையத்துக்குள்ளதான் விழும். நேரா நின்னு போட்டா அது ஒதவாது, சாய்வா நிக்கணும்."

"ஷாட்ட விடுங்க லா," என்றாள் ரஞ்சனி. அப்பளத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே பேசுவது அவள் வழக்கம். "மூவ்தான் எல்லாமே. ஓடுறப்ப ஒரு நொடி நிக்கிற மாதிரி காட்டணும். நாம ஷாட் போடப்போறோம்னு அவ முதுக நிமித்துவா. நிமிந்தான்னா கால் செத்துரும். அப்ப தாண்டிப் போயிறலாம். தோ, நேத்து நானா இருந்தா…"

கோச்சைப் பார்த்ததும் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டாள். கோச் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"சொல்லு," என்றாள் தாமரை. "நீயா இருந்தா?"

"இல்லக்கா… நானா இருந்தா அந்த எடத்துல பந்தக் கையில புடிச்சிருக்க மாட்டேன்."

பக்கத்து மேசையில் யாரோ பாயசம் கேட்டார்கள். சுமையா தன் இலையைப் பார்த்தாள். தாமரைக்கு எழுந்து போக வேண்டும்போல் இருந்தது. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் சுமையா. அவளுக்கு அப்பால் கோச்சின் நாற்காலி. வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேர் எழுந்து வழிவிட வேண்டும், அதுவும் பாதிச் சாப்பாட்டில்.

"அண்ணே," என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். "ஒரு காலி இலை குடுங்க."

"தாபாவ்வா? பார்சல் கட்டணுமா?"

"இல்ல, சும்மா வேணும்."

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு இலையைப் போட்டார். தாமரை அதை மேசை நடுவில் விரித்தாள். "இதுதான் கோர்ட். நடு நரம்பு நடுக்கோடு."

"சைஸ் சரியில்லையே," என்றாள் சுபா.

"பரவால்ல. அப்பளம் நாம, மோர் மிளகா அவங்க."

"அவங்கள நான் அப்பவே காரம்னு சொன்னேன்," என்றாள் சுமையா. ரஞ்சனி மட்டும் சிரித்தாள்.

தாமரை ஓர் அப்பளத் துண்டை நரம்பைத் தாண்டி, இலையின் ஓரத்தில் வைத்தாள். அதன் முன்னால் நெருக்கமாக இரண்டு மிளகாய்.

"இது நான். நடுக்கோட்டத் தாண்டியாச்சு. தாண்டுனா திரும்பப் பின்னாடி போக முடியாது, பந்து அவங்களுக்குப் போயிரும். அதனால கோடு ஒரு செவுரு. ஓரக்கோட்ட மிதிச்சா வெளிய. அது இன்னொரு செவுரு. முன்னாடி ரெண்டு ஆளு. அவங்க ரெண்டு பேர வச்சி நாலு பக்கத்த அடைக்கிறாங்க. பாதி வேலைய கோடு செஞ்சி குடுக்குது. நடு கோர்ட்டுல புடிச்சிருந்தா அவங்களுக்கு நாலு ஆளு வேணும்."

கோச் ரசத்தை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்தார்.

"பந்தத் தட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும் தப்பிக்கலாம். கையில புடிச்சிட்டா ஒரு கால் தரையில ஆணி அடிச்ச மாதிரி. இன்னொரு கால வச்சி சுத்தலாம், அவ்ளோதான். அஞ்சு செக்கண்டுக்குள்ள பந்து கைய விட்டுப் போகணும். இப்ப சொல்லுங்க. இங்கேர்ந்து எந்த ஷாட்டு? த்ரீயா? ஹூக்கா? ரெண்டு பேரு மூஞ்சில கைய வச்சி நிக்கிறாங்க, வளையம் அங்க கெடக்கு. நீங்க அர மணி நேரமா பேசுன எந்த ஷாட்டும் எங்கிட்ட இல்ல."

"அதான் கேக்குறேன், ஏன் புடிச்சே?" என்றார் கோச். வந்ததிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

 நேற்று ராத்திரியெல்லாம் தாமரை தன்னைக் கேட்டுக்கொண்டதும் இதைத்தான். பயமா? இல்லை, அந்த இரண்டு பேரும் அவள் பந்தைப் பிடித்த பிறகுதான் பாய்ந்தார்கள். களைப்பா? அதுவும் இல்லை. கை தானாகப் பிடித்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி.

மற்ற நான்கு அப்பளங்களையும் இலையில் வைத்துக்கொண்டிருந்தவள், பாதியில் நின்றாள். நான்கும் நேற்று நின்ற இடத்திலேயே இருந்தன. சுபா மூலையில், சுமையா வளையத்தடியில், மற்ற இருவர் மறுபக்கம். அந்த இடங்களை அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பயிற்சியில் தினமும் அங்கேதான் நின்று தொடங்குவார்கள்.

"கோச்," என்றாள். "நாம பண்டமாரான்ல ப்ராக்டிஸ் பண்றப்ப எங்கேர்ந்து ஸ்டார்ட் பண்ணுவோம்?"

"நடுக்கோட்டுலேர்ந்து."

"பந்து எப்படி இருக்கும்?"

"நீ ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நிப்ப. நான் விசில்…" ஜெயராஜ் சொல்லி முடிக்கவில்லை. எச்சில் கையாலேயே நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

பண்டமாரானில் அவர்கள் பழகுவது கூரை போட்ட ஒரு களம். அதில் பாதிதான் அவர்களுக்கு. மறுபாதியில் அதே நேரத்தில் சீன ஆன்ட்டிகள் பாட்டுப் போட்டு வரிசை நடனம் ஆடுவார்கள். நடுக்கோட்டின் மேல் வலை தொங்கும். எனவே இரண்டு வருடமாக ஒவ்வொரு திட்டமும் நடுக்கோட்டில்தான் ஆரம்பமாகும். தாமரை பந்தைக் கையில் பிடித்து நிற்க வேண்டும், மற்றவர்கள் தத்தம் இடத்தில் காத்திருக்க வேண்டும், பிறகுதான் விசில். நடுக்கோடு என்றால் நின்று பந்தைப் பிடிக்கும் இடம் என்று அவள் கைகள் படித்துக்கொண்டுவிட்டன. மற்ற நான்கு பேரின் கால்களும் படித்துக்கொண்டன. அதனால்தான் நேற்று அவள் மாட்டிய போது ஒருத்தியும் அவளை நோக்கி வரவில்லை. ஒவ்வொருத்தியும் தன் இடத்தில் சரியாக நின்று, தனக்குப் பிடித்த ஷாட்டுக்குக் கையை நீட்டிக் காத்திருந்தாள்.

"அப்ப அது உங்க தப்பு கோச்," என்றாள் சுமையா.

"ஆன்ட்டிங்க தப்பு," என்றார் ஜெயராஜ். ரஞ்சனி மட்டும் நம்பவில்லை. "எனக்கு அப்படி ஆகாதுக்கா."

மாலை பண்டமாரானில் அது சோதிக்கப்பட்டது. தாமரை வலையைத் தாண்டிப் போய் ஆன்ட்டிகளிடம் மலாயில் கேட்டாள். ஓரமாக ஒரு பாதை விட்டால் போதும், அரை மணி நேரம். அவர்கள் தாராளமாக ஒதுங்கிக்கொண்டார்கள். ரேடியோ மேல் மட்டும் இடிக்கக் கூடாது என்றார்கள். வலை சுருட்டி மேலே கட்டப்பட்டது. அணியின் மற்ற பெண்களில் இரண்டு பேர் ஸ்ரீ கெம்பாங்கானாக நடித்தார்கள்.

ரஞ்சனி மறுபாதியிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். வேகமாகவும் அழகாகவும் வந்தாள். நடுக்கோட்டைத் தாண்டியதும் அவள் இரண்டு கைகளும் பந்தை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டன.

"அலாமா, ஐயோ," என்றாள், தன் கைகளையே பார்த்து. அதற்குள் இரண்டு பேரும் அவளை மூடிவிட்டார்கள்.

அடுத்து சுபா. அவளும் பிடித்தாள். ஆன்ட்டிகளில் ஒருத்தி கைதட்டினாள், எதற்கு என்று தெரியவில்லை.

பிடிக்கிற பழக்கம் ஒரே மாலையில் போகாது. ஆனால் பிடித்த பிறகு தப்பிக்க வழி இருந்தது. அதைத் தாமரை கண்டுபிடித்தாள். இரண்டு பேர் ஒருத்தியைப் பிடித்தால், மிச்சக் களத்தில் நான்கு பேருக்கு எதிராக மூன்று பேர்தான். ஒருத்தி நிச்சயம் தனியாக நிற்பாள். ஆனால் அவள் தூரத்தில் நின்றால் பந்தை நான்கு கைகளுக்கு மேலே உயர்த்தி எறிய வேண்டும். உயர எறிந்த பந்து மெதுவாகப் போகும், யார் வேண்டுமானாலும் ஓடிப் பிடிக்கலாம். நேற்று அப்படி எறியக்கூடத் தாமரைக்கு நேரம் கிடைக்கவில்லை. எனவே ஒருத்தி களத்தின் நடுவுக்கு ஓடி வர வேண்டும். அங்கே அந்த இரண்டு பேரின் தோள்களுக்கு இடையில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். அதன் வழியாகப் பந்து நேராக வரும். நடுவில் வாங்கித் திரும்பியவளைத் தடுக்க ஓர் ஆள் வந்தால், முன்னால் மூன்று பேருக்கு எதிராக இரண்டு பேர்தான் மிச்சம்.

எப்போது வர வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். முன்னாலேயே வந்தால் அவளுக்கும் ஓர் ஆள் ஒட்டிக்கொள்வாள். தாமதித்தால் ஐந்து நொடி தீர்ந்துவிடும். இரண்டு பேரின் தலையும் பந்தின் பக்கம் திரும்புகிற நொடியில் கிளம்ப வேண்டும். அப்போது நடுவில் என்ன நடக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. தாமரைக்கு அது சரியாகப் பிடிபட்டது. நேற்று அந்தப் பொறிக்குள் நின்று பார்த்தவள் அவள்.

அவள் நடுவுக்கு வந்தபோதெல்லாம் பந்து வெளியே வந்தது. அவள் திரும்பி மூலையில் இருந்த சுபாவுக்கோ கீழே இருந்த சுமையாவுக்கோ கொடுத்தாள். சுமையாவை நடுவில் விட்டுப் பார்த்தார்கள். அவள் ஆடி அசைந்து வருவதற்குள் விசில். சுபா ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டு முன்னாலேயே வந்தாள். ரஞ்சனி வந்தாள், வாங்கினாள், திரும்பும்போது தடுமாறினாள்.

"நான் சொல்லித் தரேன்," என்றாள் தாமரை. ஆர்வத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. யார் எங்கே நிற்க வேண்டும், எந்தத் தோளைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியையும் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினாள். தான் சரி என்று நிரூபிக்க நிரூபிக்க, அவள் வேகம் கூடியது.

ஜெயராஜ் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்தார்.

"சரி. நாளைக்கி ரஞ்சனி பந்தக் கொண்டு வரட்டும். தாமரை, நீ நடுவுல."

தாமரைக்கு முதலில் புரியவில்லை. "கோச், நான் கொண்டு வரேன். என் தப்பு எங்கேன்னு தெரிஞ்சிருச்சு. இனிமே புடிக்க மாட்டேன்."

"தெரியும்மா. நீ கொண்டு வா. நீ மாட்டினா நடுவுல யாரு வருவா?"

அவள் சுற்றிப் பார்த்தாள். சுமையா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சுபா ஷூ கயிற்றைக் கட்டினாள். இந்த அரை மணி நேரமாக அவர்கள் யாராலும் அது முடியாது என்று எல்லாருக்கும் காட்டியவள் அவள்தான்.

"ஒரு நாள்ல கத்துக்குவாங்க," என்றாள்.

"நாளைக்கேவா?"

இல்லை என்று அவளுக்குத் தெரியும். பந்தைக் கொண்டு வரும் வேலை தன்னிடமே இருக்க வேண்டுமென்றால் பொய் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்ல வரவில்லை. "ம்," என்றாள். அதை ஜெயராஜ் தன் முடிவுக்குச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஆன்ட்டிகள் வலையை இறக்கிவிட்டுப் பாட்டைப் போட்டார்கள்.

நடுவில் வந்து நிற்பவளுக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தாமரை வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தாள். பந்தைப் போட்டவளுக்குப் புள்ளி எழுதுவார்கள். போட்டவளுக்குக் கடைசியாகப் பந்தைக் கொடுத்தவளுக்கும் ஒரு குறி உண்டு. நடுவில் வாங்கி, திரும்பி, சுமையாவுக்குக் கொடுத்து, சுமையா அதை வெளியே சுபாவுக்குத் தள்ளி, சுபா போட்டால், நடுவில் நின்றவளுக்கு எங்கேயும் ஒன்றும் எழுத மாட்டார்கள்.

ஞாயிறு மாலை பெரும்பாலும் அப்படியே நடந்தது. தேர்வாளர்கள் இரண்டு பேரும் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைகள் பந்தோடு திரும்பின. ரஞ்சனியிடம் நீண்ட நேரம் இருந்தன, அவள் மாட்டும்போது முன்னால் குனிந்தன, பிறகு சட்டென்று மூலைக்குப் போய்விட்டன. பந்து தாமரையின் கையில் இருந்தது கண் சிமிட்டும் நேரம்தான். அந்த நேரம் குறையக் குறையத்தான் ஆட்டம் நன்றாக இருந்தது. ஸ்ரீ கெம்பாங்கானின் பொறி ஒவ்வொரு முறையும் உடைந்தது. கிள்ளான் பெண்கள் முன்னிலையில் இருந்தார்கள்.

மூன்றாவது பகுதியில் தாமரை நடுவில் பந்தை வாங்கித் திரும்பியபோது அவள் முன்னால் யாருமே இல்லை. வளையம் நடு தூரத்தில் இருந்தது. இடது மூலையில் சுபா கையை நீட்டித் தனியாக நின்றாள். தாமரை எம்பிப் போட்டாள். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. கூட்டம் கத்தியது. மேல் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார்.

திரும்பி ஓடும்போது சுபா அவள் பக்கத்தில் வந்தாள். "உள்ள போச்சு லா. ஆனா சாலா, தப்பு. நான் சும்மா நின்னேன்."

"போச்சுல்ல?"

"அது நாப்பதுல ஒண்ணு. மிச்சம் அறுபது யாருக்கு?"

தாமரை பெஞ்சுப் பக்கம் பார்த்தாள். ஜெயராஜ் கத்தவில்லை. மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். தாமரை ஓடிக்கொண்டே கணக்கைப் போட்டாள். தனியாக நிற்கும் சுபாவுக்கு நூற்றைந்து, தனக்கு எண்பது. எப்படிப் போட்டாலும் அதே விடைதான் வந்தது. வேறு யாராவது அந்த இடத்தில் அப்படிப் போட்டிருந்தால் இலையை விரித்து, அப்பளத்தை வைத்து, ஏன் தப்பு என்று அவளே பொறுமையாக விளக்கியிருப்பாள்.

அடுத்த பந்தைச் சுபாவுக்குக் கொடுத்தாள். சுபா போட்டாள், மூன்று. அதற்கடுத்ததைச் சுமையாவுக்கு. சுமையா பலகையில் சாய்த்தாள், உள்ளே. மேல் வரிசையில் இருந்தவர் கீழே இறங்கி வந்து, புள்ளி குறிக்கும் மேசையில் குனிந்து, சுபாவைக் காட்டி ஏதோ கேட்டார். பிறகு ரஞ்சனியைக் காட்டினார்.

அவர் நிமிர்வதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. ரஞ்சனி நடுக்கோட்டைத் தாண்டினாள், வழக்கம்போல் பந்தைக் கையில் பிடித்தாள். ஸ்ரீ கெம்பாங்கானின் இரண்டு சிவப்புச் சட்டைகள் அவளை மூடின. இரண்டு தலைகளும் பந்தின் பக்கம் திரும்பின. தோள்களுக்கு இடையிலிருந்து ரஞ்சனியின் கண்கள் நடுவைத் தேடின.

தாமரை ஓடினாள்.